600 சதுர அடித் தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சி வருமா, வந்தால் தங்குமா?

மடிப்பாக்கத்தில் புதிதாக வீடு கட்டியிருக்கும் ஒருவரின் கேள்வி இது. வீட்டுக்குப் பின்னால் 20க்கு 30 அடி காலி இடம் இருக்கிறது. லேண்ட்ஸ்கேப் வேலை செய்பவர் ஒருவர் "பட்டாம்பூச்சித் தோட்டம்" என்று ஒரு திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். நடுவே கொரியன் புல், சுற்றிலும் அரேகா பாம், மதில் ஓரம் பூக்கும் குட்டை உண்ணிச்செடி, நடக்க பேவர் பிளாக், மூலையில் நீரூற்று, இரவுக்கு அலங்கார விளக்குகள். "இதனால் பறவைக்கும் பூச்சிக்கும் ஏதாவது பயன் உண்டா? இல்லை, நாட்டுச்செடி மட்டும்தான் வைக்க வேண்டுமா? இவ்வளவு சின்ன இடத்தில் எதைச் செய்தாலும் ஒன்றுதானா? அம்மாவுக்கு வேறு பாம்பு பயம்" என்று கேட்கிறார்.

எந்தச் செடி வைக்கலாம் என்று கேட்பதுபோல் இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. தோட்டத்தை அமைக்கும்போது எடுக்கிற முடிவுகளில் எது அங்கே வாழும் உயிர்களைக் கூட்டும், எது நம் கண்ணுக்கு மட்டும் அழகு? நான் தாவரவியல் படித்தவன், சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பல வருடங்களாகத் தோட்டம் போட்டுக் கொடுக்கிறேன். செடிகளைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். பூச்சிகளைத் தோட்டத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான், நான் பூச்சியியல் நிபுணர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த "சின்ன இடம்" கவலையைத் தீர்த்துவிடுவோம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் தன் வீட்டுத் தோட்டத்துக்கு வந்த உயிர்களை 1972 முதல் 2001 வரை, 30 வருடம், விடாமல் கணக்கெடுத்தார். அது காடும் இல்லை, பண்ணையும் இல்லை. பூ, காய்கறி, கொஞ்சம் புல்தரை என்று எல்லோரும் வைத்திருப்பதுபோன்ற புறநகர் வீட்டுத் தோட்டம். அதில் அவர் பதிவு செய்தவை 2,673 இனங்கள். அவற்றில் 1,997 பூச்சியினங்கள். சில ஒட்டுண்ணிக் குளவிகள் அறிவியலுக்கே புதியவை. இத்தனைக்கும் வெளிநாட்டுச் செடிகள் அங்கே நிறைய உண்டு. பூச்சிமருந்து மட்டும் அவர் அடிக்கவே இல்லை.

அதே நாட்டில் ஷெஃபீல்டு நகரில் 61 வீட்டுத் தோட்டங்களை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சின்னத் தோட்டத்தில் பூச்சி குறைவு, பெரிய தோட்டத்தில் அதிகம் என்று அவர்களுக்குத் தெளிவாக எதுவும் கிடைக்கவில்லை. அதைவிட மரம், புதர், வேலி என்று பசுமை எத்தனை அடுக்காக இருக்கிறது என்பதுதான் அதிகம் பேசியது. அதே குழு இன்னொன்றையும் சோதித்துப் பார்த்தது. "வனவிலங்குத் தோட்டம்" புத்தகங்கள் சொல்கிற யோசனைகள் வேலை செய்கின்றனவா என்று. கூட்டமாக வாழாத தனித்தேனீக்களுக்கு வைத்த துளைக்குழல்களில் தேனீக்கள் குடியேறின. பம்பிள் தேனீக்கு வைத்த செயற்கைக் கூடுகளில் ஒன்றுகூட வரவில்லை. பட்டாம்பூச்சிக்காக நட்ட செந்தட்டியும் வீண். கடையில் "பறவைக்கு", "தேனீக்கு" என்று விற்கும் சாமான்களை வாங்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

ஆனால் இவை குளிர்நாட்டுக் கணக்குகள். அங்கே குளிர்காலத்தைத் தாண்டுவதுதான் பூச்சிக்குச் சோதனை. இங்கே சித்திரை, வைகாசி வெயிலையும், ஐப்பசி, கார்த்திகையில் தேங்குகிற தண்ணீரையும் தாண்டவேண்டும். அதனால் அங்கே கண்ட விதிகளில் எது நம் ஊருக்குப் பொருந்தும் என்று பிரித்துப் பார்த்தே சொல்கிறேன்.

சந்தேகமே இல்லாமல் பொருந்துவது ஒன்று உண்டு. பூ வைத்தால் பட்டாம்பூச்சி வரும். அது டீக்கடைக்கு வருவது மாதிரி, குடித்துவிட்டுப் போய்விடும். அது முட்டையிட்டு, புழு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை அங்கேயே பறக்கவேண்டும் என்றால் புழு தின்னும் இலை வேண்டும். பெரும்பாலான பட்டாம்பூச்சிப் புழுக்கள் எதை வேண்டுமானாலும் தின்னாது, குறிப்பிட்ட சில செடிக் குடும்பங்களைத்தான் தின்னும். உங்களுக்குத் தந்திருக்கும் திட்டத்தில் பூ இருக்கிறது, தின்ன இலை இல்லை. பட்டாம்பூச்சித் தோட்டம் என்று விற்கப்படுவதில் பாதி இப்படித்தான்.

இதைப் புரிந்துகொள்ள உங்கள் சமையலறைக் கறிவேப்பிலைச் செடி போதும். இளம் கொழுந்தை உற்றுப் பாருங்கள். இலை நுனியில் மஞ்சள் கடுகு மாதிரி ஒரு முட்டை ஒட்டியிருக்கும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிகளில் ஒன்று வைத்துவிட்டுப் போனது. அதிலிருந்து வரும் புழு முதல் சில நாள் கறுப்பும் வெள்ளையுமாக, அசல் காக்கை எச்சம் மாதிரியே இலைமேல் கிடக்கும். பறவை அதைத் தின்ன நினைக்காது. வளர்ந்ததும் தோலை உரித்துக்கொண்டு பளிச்சென்ற பச்சைக்கு மாறும், இலையோடு இலையாக மறைந்துவிடும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி பிளந்த ஒரு கொம்பை வெளியே நீட்டும், ஒரு மாதிரி புளித்த வாடை அடிக்கும். எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்கு அது. இந்தப் புழுவைப் பார்த்ததும் "செடியில் பூச்சி விழுந்துவிட்டது" என்று வேப்பெண்ணெய் அடிப்பவர்கள்தான், பட்டாம்பூச்சி வர என்ன செடி வைக்கலாம் என்று என்னிடம் கேட்பதும். சரி, சமையலுக்கும் இலை வேண்டுமே. இரண்டு செடி வையுங்கள். கைக்கெட்டுகிற இடத்தில் உள்ளது உங்களுக்கு, பின் மூலையில் உள்ளது புழுவுக்கு. உங்கள் செடியில் புழுவைக் கண்டால் எடுத்து அங்கே விட்டுவிடலாம்.

கறிவேப்பிலைக்கு அடுத்தபடியாக நான் வைக்கச் சொல்வது ஆவாரையும் சரக்கொன்றையும். மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டமாகப் பறக்கும் வெள்ளையன்கள் இவற்றின் கொழுந்தில் முட்டையிடும். எருக்கு வைக்க மனமிருந்தால் வெந்தய வரியன் நிச்சயம். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். அரளி இலையை வெண்புள்ளிக் கருப்பனின் புழு தின்னும். அதுவும் நச்சுச்செடிதான். நந்தியாவட்டையில் கட்டைவிரல் தடிமனுக்கு, இரண்டு பக்கமும் நீலக் கண் வரைந்த பச்சைப்புழு ஒன்றைப் பார்த்தால் பயப்படாதீர்கள். பருந்துமாதிரி விரைந்து பறக்கும் ஒரு பெரிய அந்துப்பூச்சியின் பிள்ளை அது.

இதையெல்லாம் தாண்டி எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் வருடத்துக்கு இருமுறை மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையே கூட்டம் கூட்டமாக இடம்பெயர்பவை. அவற்றின் ஆண்கள் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற செடிகளின் காய்ந்த, அடிபட்ட இலைகளைத் தேடி வந்து, காலால் கீறி, கசியும் சாற்றை உறிஞ்சும். அதிலுள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள் இல்லாமல் பெண்ணைக் கவரும் வாசனையை அவற்றால் சரியாகத் தயாரிக்க முடியாது. காய்ந்துபோன கிலுகிலுப்பைக் கொத்தில் பத்துப் பதினைந்து பட்டாம்பூச்சிகள் தொங்கும் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் காய்ந்த செடியைப் பிடுங்கி எறியக் கை வராது. தோட்டக்காரர் வாரம் ஒருமுறை வந்து "க்ளீன்" செய்துவிட்டுப் போகும் வீட்டில் இது நடக்கவே நடக்காது.

நாட்டுச்செடி மட்டும்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் இரண்டு பக்கமும் கொஞ்சம் அதிகமாகவே கத்துகிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்துப் புறநகர் வீடுகளில் சிக்கடீ என்ற சின்னக் குருவியை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. தோட்டத்துப் பசுமையில் 70 சதவீதத்துக்குமேல் அந்த மண்ணின் செடிகளாக இருந்தால்தான் குருவியால் குஞ்சு பொரித்துத் தன் எண்ணிக்கையைக் காத்துக்கொள்ள முடிகிறது என்று கண்டார்கள். காரணம் எளிது. குஞ்சுக்குப் புழு வேண்டும், வெளிநாட்டு மரத்தில் புழு குறைவு. இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் 2010 முதல் நாலு வருடம் செய்த சோதனையில், உள்நாட்டுச் செடிப் பாத்திகளுக்கு மகரந்தப் பூச்சிகள் அதிகம் வந்தாலும், பருவம் முடிகிற நேரத்தில் தூரதேசத்துச் செடிகளின் பூக்கள்தான் கைகொடுத்தன. ஆக, தேனுக்கு வெளிநாட்டுப் பூ உதவும். இலை தின்னும் புழுவுக்கும், அதைத் தின்னும் பறவைக்கும் உள்ளூர்ச் செடிக்கு ஈடில்லை. இந்தக் காரணம் இங்கேயும் அப்படியே பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 70 என்ற எண்ணை மட்டும் சென்னைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வரமாட்டேன். அது ஒரு குருவி, ஓர் ஊர்.

நம் தெருவிலேயே இதற்கு உதாரணம் உண்டு. நடைபாதை ஓரம் தானாக முளைக்கும் வெட்டுக்காயப்பூண்டு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் காலை பத்து மணி வெயிலில் சின்னச் சின்ன நீலன் பட்டாம்பூச்சிகள் மொய்ப்பது அதன் பூவைத்தான். அதைப் பிடுங்க வேண்டியதில்லை. சர்க்கரைப்பழ மரம் என்றும் சிங்கப்பூர் செர்ரி என்றும் சொல்கிறோமே, அதுவும் வெளிநாடுதான். பூக்கொத்தி, சின்னான், குயில், மைனா, இரவில் வௌவால் என்று அதற்கு எப்போதும் விருந்தாளிகள். (வெள்ளையடித்த சுவருக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வௌவால் எச்சக் கறை போகவே போகாது.) ஆனால் திட்டத்தில் உள்ள உண்ணிச்செடியை நான் அடித்துவிடுவேன். தேன் நிறைய உள்ள செடிதான், பட்டாம்பூச்சி வரும்தான். முதுமலை, பந்திப்பூர் காடுகளின் அடிப்பகுதியை விழுங்கியிருப்பது இதே செடி. நர்சரியில் விற்பது குட்டை ரகம், விதை வைக்காது என்பார்கள். எல்லாக் குட்டை ரகங்களும் அப்படியில்லை. அதன் இடத்தில் வெட்சி வைக்கலாம், ஊதா நொச்சி வைக்கலாம். ஒன்றும் குறையாது.

பூ என்று வந்தபிறகு ஒரு சின்ன விஷயம். செம்பருத்தி வாங்கினால் ஒற்றை வாங்குங்கள். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்களே இதழாக மாறியிருக்கும். தேன்சிட்டுக்கு அலகை நுழைக்க வழி கிடைப்பதில்லை. ரோஜா, சாமந்தி எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இனி அமைப்பு. ஷெஃபீல்டில் சொன்ன அடுக்கு விஷயம் இங்கே இன்னும் கூடுதலாகவே வேலை செய்யும் என்று நினைக்கிறேன், நிழல் இல்லாமல் நம் கோடையில் எதுவும் தாங்காது என்பதால். சோழமண்டலக் கரையின் இயற்கைக் காடே அடுக்கடுக்காக இருப்பதுதான். வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் குட்டை மரங்கள், கீழே நெருக்கமான புதர், அவற்றில் ஏறும் கொடி. அதன் மிச்சத்தைக் கிண்டி தேசியப் பூங்காவின் 2.7 சதுர கிலோமீட்டருக்குள் இன்றும் பார்க்கலாம். உங்கள் இடத்துக்கு ஒரே ஒரு நடுத்தர மரம் போதும். குருந்து கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. எலுமிச்சைக் குடும்பம், கறிவேப்பிலை அழகிக்கும் உணவு, வேர் சுவரைப் பிளக்காது. மெதுவாக வளரும், அதுதான் குறை. பொறுமை இல்லையென்றால் வில்வம். பெரிய புங்கை, வேம்பு எல்லாம் 20 அடி அகலத்துக்கு அதிகம். குல்மோகர் வேண்டவே வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் தெருவில் யார் விழுந்துகிடந்தார்கள் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மரத்துக்குக் கீழே மதிலை ஒட்டி, தோள் உயரத்துக்கு நெருக்கமான புதர் வேண்டும். வெட்சி, நொச்சி, மருதாணி, இடையில் ஒரு சங்குக்கொடி. தையல்சிட்டு இரண்டு மூன்று அகல இலைகளைச் சேர்த்து, அலகால் ஓரத்தில் துளையிட்டு, பஞ்சையும் சிலந்திநூலையும் இழுத்துத் தைத்துக் கூடுகட்டும். அது கட்டுவது பெரும்பாலும் நம் இடுப்பு, மார்பு உயரத்தில்தான். அலங்காரமாகக் கத்தரித்த வேலியில் அதற்கு இடமில்லை. சிலந்திநூல் என்றேன் அல்லவா? தேன்சிட்டின் தொங்கும் கூட்டையும் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். போர்டிகோ ஒட்டடையைத் தினமும் துடைக்கிறவர்கள், தோட்டத்துப் பக்கம் ஒரு மூலையையாவது விட்டுவைக்கலாம். அரேகா பாமைப் பொறுத்தவரை, முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். பனைக் குடும்ப இலைகளைத் தின்னும் பட்டாம்பூச்சி ஒன்று இருக்கிறது, அது அதிலும் முட்டையிடும். ஆனால் பன்னிரண்டு அரேகா பாம் வரிசையாக நட்டால் ஒரே செடியைப் பன்னிரண்டு முறை நட்டதாகத்தான் கணக்கு. இரண்டு போதும்.

புல்தரையும் பேவர் பிளாக்கும் மண்ணை மூடுகிறவை. இதன் விளைவை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் மண்ணுக்குள் நடப்பது. உலகத்துத் தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாகத் தேனடை கட்டுவதில்லை, தனியாக மண்ணில் வளை தோண்டி வாழ்கின்றன. வயிற்றில் நீலப்பட்டை போட்ட தேனீ ஒன்று நம் தோட்டங்களில் உண்டு. கத்தரிப்பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ரீங்காரத்தோடு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். அடைத்தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கத்தரிக்காய் நன்றாகப் பிடிக்க வேண்டுமென்றால் இது பக்கத்தில் இருக்கவேண்டும், இது இருக்க வேண்டுமென்றால் வெயில் படுகிற, கொத்தாத, மூடாத வெறும் மண் கொஞ்சம் வேண்டும். மதில் ஓரம் மூன்றடிக்கு இரண்டடி விட்டால் போதும். நடைபாதைக்கு இடைவெளி விட்டுக் கல் பாவுங்கள், நடுவில் பொடுதலை படரட்டும். மிதித்தாலும் தாங்கும், கொரியன் புல் மாதிரி தினமும் தண்ணீர் கேட்காது, அதன் குட்டிப் பூவில் எப்போதும் ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும். மடிப்பாக்கம் தாழ்வான பகுதி, மழைநீர் இறங்க மண் திறந்திருப்பது உங்கள் வீட்டுக்கும் நல்லது.

முருங்கையோ வேறு மரமோ பட்டுப்போன கிளையை விட்டால், அதைப் பெரிய கருவண்டு குடைந்து குடியேறும். வண்டு என்று நாம் சொன்னாலும் அது தேனீதான், முருங்கைப்பூவுக்கு நல்ல வேலைக்காரர். தலையில் விழாத இடத்தில் ஒரு காய்ந்த கட்டையைச் சாய்த்து வைத்தாலும் வரும். வீட்டுக் கதவு நிலையைக் குடையாமல் இருக்க அது ஒரு வழியும்கூட.

இப்போது அம்மாவின் பாம்பு பயம். இதைச் சிரித்துத் தள்ளுகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கிறது, நீங்கள் சிமெண்ட் தரை போட்டாலும் அந்த ஏரியாவில் பாம்பு இருக்கும். அது வருவது எலிக்கும் தவளைக்கும், தங்குவது செங்கல் குவியல், உடைந்த ஓடு, மூடாத குழாய், சுவர் இடுக்கு ஆகியவற்றில். புதருக்கு அடியில் இரண்டங்குலம் உதிர்ந்த இலை கிடப்பதால் பாம்பு பெருகாது. ஆனால் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து இலையைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்குவது அங்கேதான். ஆகவே சருகைக் குவியலாக்காமல் பரப்பி விடுங்கள், கட்டடக் கழிவை உடனே அப்புறப்படுத்துங்கள். வீட்டுச் சுவரிலிருந்து நாலடிக்குப் புதரும் சருகும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். கட்டுவிரியன் நடமாடுவது இரவில்தான். சின்னப் பிராணிகள் போய்வர மதில் அடியில் துளை விடுங்கள் என்று மேல்நாட்டுக் குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். உங்கள் வீட்டில் அதை நான் சொல்லமாட்டேன். பெருச்சாளிதான் முதலில் வரும்.

நீரூற்றுக்குப் பதில் ஒரு சிமெண்ட் தொட்டி வையுங்கள். இரண்டடி அகலம், ஓரத்தில் படியாகக் கல், உள்ளே அல்லியோ நீர்ச்செடியோ. கொசு வருமே என்பீர்கள். டெங்குக் கொசு பெருகுவது பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் போன்ற சின்னத் தேக்கங்களில். முட்டை கொசுவாக நம் சூட்டில் ஒரு வாரம், பத்து நாள் போதும். மீன் உள்ள தொட்டியில் அது நடக்காது. கப்பியும் கம்பூசியாவும் இலவசமாகவே கிடைக்கும், ஆனால் இரண்டும் அயல்நாட்டு மீன்கள். மழைவெள்ளத்தில் தொட்டி நிரம்பி ஏரிக்குப் போனால் அங்குள்ள மீன்களுக்குத் தொல்லை. கம்பூசியாவை 1928இல் கொசுவுக்காகத்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இன்றுவரை போகவில்லை. தலையில் வெள்ளிப் பொட்டோடு மேல்மட்டத்தில் நீந்தும் முண்டக்கண்ணி நம் ஊர் மீன், கொசுப்புழுவை நன்றாகத் தின்னும். தும்பி முட்டையிட்டால் அதன் இளம்பருவமும் அதையே தின்னும். பறவை குடிக்க வைக்கும் மண்சட்டியை மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

விளக்கு விஷயத்தில் பேச்சே இல்லை, குறையுங்கள். சுவிட்சர்லாந்தில் புல்வெளிகளில் செயற்கை விளக்கு வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. வெளிச்சம் உள்ள இடத்தில் இரவுநேர மகரந்தப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்திருந்தது. பவளமல்லியும் மல்லிகையும் இரவில் வெள்ளையாகப் பூத்து மணப்பது அந்துப்பூச்சிகளை அழைக்கத்தான். வாசலுக்கும் படிக்கும் மட்டும், கீழ்நோக்கிய மஞ்சள் விளக்கு, அதுவும் ஆள் வந்தால் எரிகிற மாதிரி. மரத்தைக் கீழிருந்து ஒளியூட்டும் விளக்கைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள், காசும் மிச்சம்.

மருந்து அடிக்காதீர்கள் என்பது நீங்கள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, நர்சரியிலிருந்து வரும் செடியிலேயே மருந்து இருக்கலாம் என்பது. இமிடாக்ளோப்ரிட் போன்ற மருந்துகள் செடியின் சாறு முழுக்கப் பரவி, இலை, தேன், மகரந்தம் எல்லாவற்றிலும் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதன் திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடை போட்டது. இங்கே சாதாரணமாகக் கிடைக்கிறது. வாங்கிய புதிதில் கறிவேப்பிலையில் புழு வந்து செத்து விழுந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். சில மாதம் புதுத் துளிர் விட்டபிறகு சரியாகிவிடும் என்று நம்புகிறேன், ஆனால் எத்தனை மாதம் என்பது மருந்து, மண், செடியைப் பொறுத்து மாறும். விதையிலிருந்தோ பக்கத்து வீட்டுப் பதியனிலிருந்தோ வளர்ப்பது உத்தமம். வேப்பெண்ணெய் இயற்கையானதுதான், பட்டாம்பூச்சிப் புழுவையும் இயற்கையாகவே கொல்லும்.

தானியம் போடுவது, சிட்டுக்குருவிக் கூடு மாட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். தானியம் போட்டால் மாடப்புறாவும் காக்கையும்தான் முதலில் பெருகும், சின்னப் பறவைகள் ஒதுங்கும். சிட்டுக்குருவி ஏன் குறைந்தது என்பதற்கு ஒரே பதில் இல்லை. செல்போன் கோபுரம் என்ற பேச்சுக்கு உறுதியான சான்று கிடையாது. கூடுகட்ட இடுக்கு இல்லாத கட்டடங்கள், குஞ்சுக்குப் பூச்சி கிடைக்காமை இரண்டும் நம்பத்தக்க காரணங்கள். தானியம் தின்னும் பறவைதான், ஆனாலும் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியை. உங்கள் தெருவில் ஏற்கெனவே சிட்டுக்குருவி இருந்தால் பெட்டி மாட்டுங்கள், இல்லையென்றால் அது வெறும் பெட்டி.

ஒரு தோட்டத்தால் எவ்வளவு முடியும் என்பதில் மட்டும் கொஞ்சம் அடக்கமாகப் பேசவேண்டும். மண்ணில் வாழும் தேனீக்கும், எலுமிச்சை அழகியின் ஒரு தலைமுறைக்கும் 600 சதுர அடி தாராளம். தையல்சிட்டு ஒரு ஜோடிக்கு அது போதாது, பக்கத்து நாலைந்து வீடுகளும் சேர்ந்தால்தான் அதற்கு இரை தேறும். வல்லூறு, புள்ளி ஆந்தைக்கெல்லாம் முழு ஏரியாவும் வேண்டும். அதனால் பின்வீட்டுக்காரர் மதிலுக்கு அந்தப்பக்கம் என்ன வைத்திருக்கிறார் என்பதும் உங்கள் வடிவமைப்பில் ஒரு பகுதிதான். அவரிடம் மாமரம் இருந்தால் உங்களுக்கு மரத்துக்குச் செலவழிக்கும் இடம்கூட மிச்சம், முழுக்கப் புதரும் பாத்தியுமாகப் போட்டுக்கொள்ளலாம்.

லேண்ட்ஸ்கேப்காரரிடம் இதையெல்லாம் விளக்க வேண்டாம். புல்தரையைப் பாதியாக்கச் சொல்லுங்கள், உண்ணிச்செடியை எடுக்கச் சொல்லுங்கள், மேல்நோக்கிய விளக்கையும் நீரூற்றையும் ரத்து செய்யுங்கள். மிச்சமாகும் பணத்தில் மண்ணை முக்கால் அடி உயர்த்தி மக்கிய எருவோடு கலந்து போடச் சொல்லுங்கள், உங்கள் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் நின்றால் ஆவாரை முதல் மழையிலேயே அழுகிவிடும். ஆடி, ஆவணியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். முதல் வருடம் பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும், வருகிறவர்கள் "என்ன, காடு மாதிரி விட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். முன்வரிசையை மட்டும் ஒழுங்காகக் கல் வைத்துக் கட்டிவிட்டால் அந்தக் கேள்வி பாதியாகக் குறையும், அனுபவத்தில் சொல்கிறேன். அப்புறம், அந்த இடத்தில் மார்கழியிலும் சித்திரையிலும் எத்தனை மணிநேரம் வெயில் விழும் என்று பார்த்து எழுதுங்கள். நாலு மணிநேரத்துக்குக் குறைவென்றால் ஆவாரை, பொடுதலை இரண்டையும் மாற்றவேண்டியிருக்கும்.